சைகோனில் தமிழர் நடந்த வீதிகள்

லா கூர்னெவ் சந்தையில் மரக்கறி விற்கும் வியட்நாமியப் பெண்ணிடம், சேலை உடுத்திய மூதாட்டி ஒருவர் அப்பெண்ணின் மொழியிலேயே விலை பேசக் கண்டு வியந்து நின்றோம். விசாரித்தபோது, தாம் புதுச்சேரிக் குடும்பத்தவர் என்றும் பிறந்து வளர்ந்தது சைகோனில் என்றும் நல்ல தமிழிற் கூறினார். எண்பதுகளில் நாம் அகதிகளாக வந்திறங்குமுன்னரே பிரான்சிற் குடியேறிய தமிழருள் இத்தகையோர் பலர். அவர் விட்டுவந்த நகரை அண்மையில் நாம் ஒரு முற்பகல் முழுவதும் கால்நடையாகச் சுற்றிப் பார்த்தோம்.

ஆற்றங்கரையிலிருந்து புறப்படுதலே முறை. 1859இல் பிரெஞ்சுப் படை சைகோன் ஆற்றின் வழியே வந்து நகரைக் கைப்பற்றியது. மார்செய்யிலிருந்து கொழும்பு வழியாக வந்த கப்பல்களும் இக்கரையையே அடைந்தன. 1881ஆம் ஆண்டுக் கட்டளைப்படி தமது வழமைச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடியியற் சட்டத்தை ஏற்ற புதுச்சேரி, காரைக்கால் தமிழர் பலர் இங்கு எழுதுவினைஞராகவும் காவலராகவும் பணிபுரிந்தனர்.

பழைய கத்தினா வீதி இன்று தொங் கொய் எனப்படும். அதில் ஏறி வலப்புறம் திரும்பினால், தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் எழுப்பிய பள்ளிவாசலைக் காணலாம். இடப்புறம் சென்றால் நுயென் ஹுவே பெருவீதி. முன்னர் வாய்க்காலாக இருந்து பிரெஞ்சுக்காரரால் தூர்க்கப்பட்டது. அதிலிருந்து பிரியும் தொன் தத் தியெப் வீதியிலே தெண்டாயுதபாணி கோவில் நிற்கிறது. கொழும்புச் செட்டியார் தெருவையும் ஆடிவேல் விழாவையும் அறிந்த எமது வாசகருக்கு இதனை நிறுவியோர் யாரென்று சொல்லவேண்டியதில்லை. நாட்டுக்கோட்டைச் செட்டிமாரின் வட்டிக்கடைகள் இவ்வீதியில்தான் இருந்தன.

இவ்விடத்திற் சற்றுத் தரித்து நிற்றல் வேண்டும். மீகொங் கழிமுகத்து நெல்வயல்களை ஈடாகப் பெற்றுச் செட்டிமார் கடன் கொடுத்தனர். முப்பதுகளின் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரியவே, கடனாளிகளின் நிலங்கள் கைமாறின, கசப்பு வளர்ந்தது. வியட்நாமியரின் பார்வையில் வட்டி வாங்கியவரும் தமிழர், பிரெஞ்சு அரசின் சீருடை அணிந்தவரும் தமிழர். வகுப்பறையில் வரலாறு கற்பித்த காலத்தில் சோழர் கடாரம் வென்ற கதையை உரத்துச் சொன்னோம். கடன் பத்திரத்தின் கதையை ஒருநாளும் சொன்னதில்லை.

இன்னும் மேற்கே, 1914இல் திறக்கப்பட்ட பென் தான் சந்தைக்கு அண்மையில் மாரியம்மன் கோவில். 1975இல் சைகோன் வீழ்ந்தபின் பெரும்பாலான தமிழர் வெளியேறினர். 1976இல் நகரின் பெயரும் ஹோ சி மின் நகர் என மாறியது. ஆயினும் கோவிலில் விளக்கு எரிகிறது. வியட்நாமியரும் சீனரும் மலரும் ஊதுபத்தியும் ஏந்தி வருகின்றனர். மூலஸ்தானத்தின் பின்புறக் கற்சுவரில் நெற்றியைப் பதித்துத் தம் குறைகளை மெல்லச் சொல்கின்றனர். நாம் நின்ற அரைமணி நேரத்தில் ஒரு தமிழ்ச் சொல்லும் காதில் விழவில்லை. அவர்கள் அதனை “இந்திய அம்மன் கோவில்” என்றே அழைக்கின்றனர்.

திரும்பி வந்து, கொண்டுவந்த குங்குமத்தை அம்மூதாட்டியிடம் கொடுத்தோம்.

“இப்பவும் சுவத்துல நெத்தி வைக்கிறாங்களா?” என்று கேட்டார்.

ஆம் என்றோம்.

“எங்கம்மா அப்படித்தான் கும்பிடுவாங்க. அவங்க வியட்நாம்காரங்க” என்று கூறிக் குங்குமத்தைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.