நாய்க்கு வரும் தொற்றுக் கட்டி: கைவிட வேண்டிய நோயல்ல

எழுவான்கரையோ படுவான்கரையோ, நம் வீட்டு நாய்களைப் பெரும்பாலும் கட்டிவைப்பதில்லை. வயல், வாவிக்கரை என்று திரிந்துவிட்டு இரவில் வாசலுக்கு வந்துவிடும். அப்படித் திரியும் நாயின் பிறப்புறுப்பில் இரத்தம் கசிந்தால், பெட்டை என்றால் பருவம் என்று விட்டுவிடுகிறோம். வாரக்கணக்கில் நிற்காவிட்டால், அல்லது கடுவனுக்குக் கசிந்தால், உள்ளே பூக்கோவா போலச் சிவந்த கட்டி இருக்கக்கூடும்.

இது ஒருவகைப் புற்றுநோய், ஆனால் தொற்றும். கிருமியால் அல்ல, புற்றுக் கலங்களே இனச்சேர்க்கையின்போதும் நக்கும்போதும் மற்ற நாயில் ஒட்டி வளர்கின்றன. மூக்கிலும் வாயிலும்கூட வரலாம். உலகெங்கும் காணப்படும் இக்கட்டிகள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரேயொரு நாயின் கலங்களிலிருந்து வந்தவை என்கின்றன மரபணு ஆய்வுகள். மனிதருக்குத் தொற்றாது.

'கான்சர்' என்றதும் நாயை வாவிக்கு அப்பால் கொண்டுபோய் விட்டுவிடத் தோன்றும். அது நோயை அக்கரை நாய்களுக்கு அனுப்புவதுதான். உண்மையில் பெரும்பாலான நாய்கள் குணமாகின்றன. 'வின்கிறிஸ்டின்' மருந்தைக் கால்நடை வைத்தியர் வாரம் ஒருமுறை நாளத்தில் ஏற்றுவார். வழக்கமாக 4 முதல் 6 வாரம். நாளத்துக்கு வெளியே கசிந்தால் தசை அழுகும் என்பதால் வீட்டில் செய்யக்கூடாது. இரத்தம் நின்றதும் ஊசியை நிறுத்தினால் கட்டி திரும்பிவிடலாம். வாராவாரம் பாதையேறி நாயோடு கடப்பது சிரமம்தான்.

ஊசி போட்ட சில நாட்களுக்கு நாயின் சிறுநீர், மலத்தைக் கையுறையோடு அகற்றுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அதைத் தொடக்கூடாது. சிகிச்சை முடியும்வரை நாயைக் கட்டிவையுங்கள். கருத்தடை பற்றியும் அதே வைத்தியரிடம் கேளுங்கள்.