தானமும் கூலியும்: சிவனொளிபாதமலைப் பாதையின் உரிமை வரலாறு

இலங்கையின் நுவரெலியா, இரத்தினபுரி மாவட்டங்களின் எல்லையில் 2,243 மீற்றர் உயரத்தில் நிற்கிறது சிவனொளிபாதமலை. அதைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் உச்சியிலுள்ள பாதச்சுவட்டில் தொடங்கி அங்கேயே முடிகின்றன. அது புத்தருடையதா, சிவனுடையதா, ஆதமுடையதா என்ற வழக்கு ஒருபுறம். எல்லாச் சமயத்தாரும் ஒன்றுகூடும் மலை என்ற சுற்றுலா வாசகம் மறுபுறம். இரு தரப்பும் ஏறிவந்த வழியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. வழியில் சோறும் தங்குமிடமும் கொடுத்தவர் யார் என்பதைக் கொண்டே இம்மலைமீதான உரிமை நிலைநாட்டப்பட்டு வந்தது என்பது இக்கட்டுரையின் வாதம். அந்த நியதி தோட்டத் தொழிலாளருக்கு மட்டும் பொருந்தாமற் போனது ஏன் என்பது அதிலிருந்து எழும் கேள்வி.

மன்னன் முதலாம் விஜயபாகு (1055–1110) வழியின் கடுமையால் யாத்திரிகர் படும் துன்பத்தைப் போக்க, நெல்வளம் மிக்க கிலிமலை என்னும் ஊரை அன்னதானத்துக்கு அளித்தான் என்றும், ஊவாவிலிருந்து வரும் வழி முதலியவற்றில் தங்குமடங்கள் அமைத்தான் என்றும் பாளி வரலாற்று நூலான சூளவம்சம் கூறுகிறது. இன்றைய நுவரெலியா மாவட்டத்திலுள்ள அம்பகமுவையில் கிடைத்த அவனது கல்வெட்டும் இக்கொடைகளைப் பதிவு செய்கிறது. 'தாழ்ந்த' குலத்தார் வணங்குவதற்கென உச்சித் தளத்துக்குக் கீழே தனித்தளம் அமைத்த செய்தியும் அதே கல்வெட்டில் உண்டு. மலை எல்லாருக்கும் திறந்திருந்தது. ஆனால் நிற்குமிடம் ஒன்றல்ல. சமய நல்லிணக்கம் பேசுவோர் இக்கல்வெட்டை முழுவதுமாக வாசிக்க வேண்டும்.

தமிழர் என்றால் சைவம், சிங்களவர் என்றால் பௌத்தம் என்ற இக்காலப் பிரிவினையைக் கொண்டும் இம்மலையின் பழைய வரலாற்றை அளக்க முடியாது. தமிழ்ப் பௌத்தக் காப்பியமான மணிமேகலை இம்மலையைச் சமந்தம் என்று குறித்து, அதன் உச்சியிலிருப்பது புத்தரின் அடியிணை என்கிறது. 1344இல் வந்த இபுன் பதூதாவுக்குப் புத்தளத்தில் பல்லக்கும் துணையாட்களும் கொடுத்து அனுப்பியவன் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி. ஆதமின் பாதத்தைக் காணப் புறப்பட்ட அந்த முஸ்லிம் பயணியோடு ஆண்டுதோறும் மலையேறும் யோகிகள் நால்வரும் பிராமணர் மூவரும் சென்றனர். வழித்துணை தந்தவன் தமிழ் மன்னன். அவன் பயணியின் சமயத்தைப் பார்த்து உதவவில்லை.

சமயம் பொருட்டாக வந்தது வருவாயோடு சேர்த்துத்தான். சீதாவாக்கை மன்னன் முதலாம் இராஜசிங்கன் (1581–1593) சைவத்தைத் தழுவியபின் மலையின் வருமானத்தைச் சைவத் துறவிகள் வசமாக்கினான் என்று சூளவம்சம் குற்றஞ்சாட்டுகிறது. 18ஆம் நூற்றாண்டில் கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் அதை அவர்களிடமிருந்து எடுத்துப் பௌத்த பிக்குகளிடம் ஒப்படைத்து, பராமரிப்புக்குக் குட்டாப்பிட்டிய என்னும் கிராமத்தையும் மானியமாக்கினான். கைமாறியது பாதச்சுவட்டின் விளக்கம் மட்டுமல்ல. காணிக்கையும் நெல்லும் வழிப் பராமரிப்பும் சேர்ந்தே கைமாறின.

19ஆம் நூற்றாண்டில் வழியே இடம் மாறியது. மஸ்கெலியாப் பக்கத்துக் காடுகள் கோப்பிக்கும், பின்னர் தேயிலைக்கும் அழிக்கப்பட்டன. 1884இல் ரயில் ஹட்டனை எட்டியது. இரத்தினபுரி வழியின் நெடுநடைக்குப் பதிலாக ஹட்டன், மஸ்கெலியா, நல்லதண்ணி என்ற குறுவழி வாய்த்தது. மார்கழிப் பூரணை முதல் வெசாக் வரையான பருவகாலத்தில் இன்று பெருங்கூட்டம் ஏறுவது இவ்வழியில்தான். காடு வெட்டியும் பாதை திறந்தும் தண்டவாளம் பதித்தும் இதை உருவாக்கியதில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரின் உழைப்பு பெரும்பங்கு.

பழைய நியதிப்படி இவர்களுக்கும் மலையின் வரலாற்றில் இடம் இருந்திருக்க வேண்டும். அவர்கள் உரிமை எதுவும் கோரவில்லையே, பக்தராகத்தானே ஏறினார்கள் என்று ஒருவர் மறுக்கலாம். கோருவதற்கு என்ன இருந்தது என்பதைப் பார்க்க வேண்டும். மன்னர் கொடுத்தது நிலம்; அது தானமாகிக் கல்லில் ஏறியது. தொழிலாளி கொடுத்தது உடலுழைப்பு. அது செக்றோல் என்னும் தோட்ட வருகைப் பதிவேட்டில் ஒரு நாள் வேலைக்கான 'பேராக' விழுந்து, கூலியோடு கணக்குத் தீர்ந்தது. லயக் காம்பரா என்னும் தோட்டத்து வரிசை வீட்டறையில் குடியிருந்தவரிடம் தானமளிக்க ஒரு துண்டு நிலமும் இல்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மலைக்குப் பாதை போட்டவர்களின் பிள்ளைகள், அந்த மலையடிவாரத்தில் இருப்பதற்கே அனுமதி கேட்க வேண்டியவர்களானார்கள்.

திபெத்தின் கைலாசமும் பல சமயத்தாருக்குப் புனிதமானது. அங்கே இந்திய யாத்திரிகருக்கான பாதை 1981இல் திறந்ததும் 2020இல் நின்றதும் 2025இல் மீண்டும் தொடங்கியதும் இந்திய, சீன அரசுகளின் முடிவுகளைப் பொறுத்தே அமைந்தன. வழியை ஆள்பவரே மலையை ஆள்கிறார் என்பதற்கு அது வெளிப்படையான சான்று. சிவனொளிபாதமலையில் அந்த ஆளுகை கல்வெட்டு, மானியம், தோட்டம், ரயில் என்று படிப்படியாக உருமாறியதால் அத்தனை எளிதாகக் கண்ணுக்குப் படுவதில்லை. ஆகவே இம்மலையை ஆராய்வோர் அம்பகமுவைக் கல்வெட்டையும் தோட்டத்துச் செக்றோலையும் ஒரே வகைச் சான்றுகளாக, அருகருகே வைத்து வாசிக்க வேண்டும். தானத்தை வரலாறாகவும் கூலியை வெறும் கணக்காகவும் பிரிக்கும் வரையில், மலை யாருடையது என்ற வழக்கில் பாதை போட்டவர்கள் சாட்சிகளாகக்கூட அழைக்கப்பட மாட்டார்கள்.