பெட்டிக்குள் ஒரு பேரேடு

மோட்டார் வண்டி பற்றி எழுதப் போகிறேன் என்றால் வழக்கமாக இந்தப் பக்கம் வருகிற நண்பர்கள் சிரிப்பார்கள். பணியில் இருந்த காலம் முழுவதும் சைக்கிள், பிறகு ஒரு மொபெட், அதற்கு மேல் நான் எதையும் ஓட்டியதில்லை. ஆனால் நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சுப் பத்திரிகை எது கைக்குக் கிடைத்தாலும், எத்தனை வாரம் பழையதாக இருந்தாலும், கடைசிப் பக்கம் வரை படித்துவிடுவேன். அந்த நாட்களில் பிரான்சுக்காரர்கள் ஓயாமல் பேசியது ரெனோ நிறுவனத்தின் டர்போ பந்தயக் கார் பற்றித்தான். அப்படித் தொற்றிக்கொண்ட ஆர்வம் இது.

இப்போது எழுதக் காரணம் என் தங்கை மகன். தன் டர்போ காரின் கம்ப்யூட்டரை 'ரீமேப்' செய்து கூடுதல் சக்தி வாங்கப் போகிறானாம். "ஒரு லேப்டாப், ஒரு ஒயர், ஒரு மணி நேரம், அவ்வளவுதான் மாமா" என்றான். அந்த ஒரு மணி நேரத்துக்குப் பின்னால் நூறு வருடத்துக்கு மேற்பட்ட கதை இருக்கிறது.

எஞ்சின் எரிக்கும் பெட்ரோலின் சக்தியில் ஒரு பெரும் பங்கு புகையோடு சேர்ந்து வீணாக வெளியே போகிறது. அந்தப் புகையைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டில் மாட்டிய இன்னொரு சக்கரத்தால் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பினால் என்ன? இந்த யோசனைக்கு 1905இல் காப்புரிமை பெற்றவர் ஆல்ஃபிரட் பூஷி என்ற சுவிஸ் பொறியாளர். முதல் உலகப் போரின்போது பிரான்சின் ஒகுஸ்த் ரத்தோ இதை விமான எஞ்சினுக்குப் பொருத்தினார். உயரே போகப் போகக் காற்று மெலிகிறது. எஞ்சின் மூச்சு வாங்குகிறது. அதற்கு இது மருந்து. 1918இல் அமெரிக்காவில் சான்ஃபோர்டு மாஸ் என்பவர் 14,000 அடிக்கு மேல் உயரமான பைக்ஸ் பீக் மலை உச்சிக்கே ஒரு விமான எஞ்சினைக் கொண்டுபோய் இதைச் சோதித்துக் காட்டினார்.

பிரெஞ்சில் இப்படிக் காற்றைத் திணிப்பதற்கு 'சுராலிமாந்தாசியோன்' என்று பெயர். மிகையாக ஊட்டுதல் என்று பொருள். நம் பாட்டிமார்களுக்குத் தெரியும், மிகையாக ஊட்டினால் குழந்தைக்கு என்ன ஆகும் என்று. எஞ்சினுக்கும் அதேதான். காற்றை அதிகம் அழுத்தினால் சூடேறும். ஸ்பார்க் பிளக் போட்ட பொறியிலிருந்து தீ முறையாகப் பரவி முடிவதற்குள், எரியாமல் மிச்சமிருக்கும் கலவை தானாகவே வெடித்துவிடும். நம் மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்பார்கள். பிரெஞ்சில் 'கிளிக்கெத்தி', அதாவது சில்லறை குலுங்குவது போன்ற சத்தம். கேட்க இனிமையான சொல். ஆனால் நீடித்தால் பிஸ்டனில் ஓட்டை விழும்.

1962இல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் நிறுவனம் ஜெட்ஃபயர் என்ற டர்போ காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நாக்கிங்கை அடக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை ஒரு தனித் தொட்டியில் ஊற்ற வேண்டும். வாங்கியவர்களில் பலர் அதை ஊற்ற மறந்தார்கள். தொட்டி காலியானால் அழுத்தம் குறையும்படி ஏற்பாடு இருந்தது; உடனே வண்டியில் சக்தி இல்லை என்று புகார். கொஞ்ச காலத்திலேயே அந்தக் கார் நின்றுபோனது. பொறியாளர் போட்ட நிபந்தனையை வாடிக்கையாளர் படிக்கவில்லை. அரசாங்க ஆணையின் கடைசிப் பத்தியை யாரும் படிப்பதில்லையே, அதுபோல.

இனி ரெனோவுக்கு வருகிறேன். 1966 முதல் ஃபார்முலா ஒன் விதிப்படி சாதாரண எஞ்சின் 3 லிட்டர் இருக்கலாம். காற்றழுத்தும் எஞ்சின் என்றால் 1.5 லிட்டர்தான். பாதி அளவு எஞ்சினை வைத்துக்கொண்டு யார் போட்டியிடுவார்கள்? பதினோரு வருடம் யாரும் அந்தப் பக்கமே போகவில்லை. 1977 ஜூலையில் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் ஓடுதளத்தில் ழான்-பியர் ழபூய் ஒரு மஞ்சள் நிற ரெனோவை ஓட்டிக்கொண்டு வந்தார். டர்போ பழுதாகி, பந்தயத்தை முடிக்கவில்லை. அடுத்தடுத்தும் வெண்புகை விட்டுக்கொண்டு நின்றதால் ஆங்கிலேயர்கள் அதற்கு 'மஞ்சள் டீ கெட்டில்' என்று பெயர் வைத்தார்கள். இரண்டு வருடம் கழித்து, 1979 ஜூலை 1ஆம் தேதி, பிரான்சின் திஜோன் நகரில், பிரெஞ்சுக் காரில், பிரெஞ்சு டயரில், பிரெஞ்சு ஓட்டுநர் ழபூய் முதலிடம் வந்தார். அதோடு கேலி நின்றது. எல்லோரும் டர்போ தேடி ஓடினார்கள்.

ஆனால் டர்போவில் சக்தியை ஏற்றுவது பெரிய வித்தையே அல்ல. அழுத்தத்தை விடுவிக்கும் வால்வை ஒரு திருகு திருகினால் போதும். எங்கே நிறுத்துவது என்பதில்தான் வித்தை. அந்த வேலையை மனிதன் காதால் செய்ய முடியாது. ஒரு நிமிடத்தில் பத்தாயிரம் சுற்று சுற்றும் எஞ்சினில் காது உணர்வதற்குள் காரியம் முடிந்துவிடும். இங்கேதான் கம்ப்யூட்டர் உள்ளே வருகிறது.

ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1979இல் 'மோட்ரோனிக்' என்ற பெட்டியை ஒரு பி.எம்.டபிள்யூ காரில் வைத்தது. பெட்ரோல் எவ்வளவு, பொறி எப்போது, இரண்டையும் ஒரே பெட்டி தீர்மானிக்கும். சில வருடங்களில் ஸ்வீடனின் சாப் நிறுவனம், பெர் கில்பிராண்ட் என்ற பொறியாளரின் யோசனைப்படி, எஞ்சினில் ஒரு சிறு 'காது' பொருத்தியது. கிளிக்கெத்தி கேட்டவுடன் அது டர்போவின் அழுத்தத்தைக் குறைத்துவிடும். மட்டமான பெட்ரோல் போட்டாலும் எஞ்சின் பிழைத்துக்கொள்ளும்.

பெட்டிக்குள் என்னதான் இருக்கிறது? குமாஸ்தாவாக இருந்த எனக்கு இது உடனே புரிந்தது. உள்ளே இருப்பது பேரேடு. இடது பக்கம் மேலிருந்து கீழாக எஞ்சின் வேகம். மேலே குறுக்காக எஞ்சின் சுமை. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் ஓர் எண். ஒரு பேரேட்டில் பெட்ரோல் அளவு, இன்னொன்றில் பொறியின் நேரம், மற்றொன்றில் டர்போவின் அழுத்தம். பெட்டி நொடிக்குப் பல தடவை இந்தப் பேரேட்டைப் புரட்டி, எண்ணைப் படித்து, அதன்படி நடக்கிறது. சொந்த அபிப்பிராயம் கிடையாது. நல்ல குமாஸ்தா!

1983இல் இந்தக் குமாஸ்தாவின் மதிப்பு உலகத்துக்குத் தெரிந்தது. கடைசிப் பந்தயம் தென்னாப்பிரிக்காவின் கயாலமியில். ரெனோவின் அலன் ப்ரோஸ்த் 57 புள்ளிகள், பிரபாம் காரில் நெல்சன் பிக்கே 55. பிக்கேயின் எஞ்சின் பி.எம்.டபிள்யூ நான்கு சிலிண்டர். அதன் அடிப்படை, 1962இல் 80 குதிரைசக்தியோடு குடும்பக் காருக்காக வந்த எஞ்சின். பவுல் ரோஷே என்ற பொறியாளர் அதை டர்போ பந்தய எஞ்சினாக்கி, போஷின் கம்ப்யூட்டர் பெட்டியையும் சேர்த்திருந்தார். அன்று ப்ரோஸ்தின் டர்போ பழுதானது. பிக்கே மூன்றாவதாக வந்து, 59 புள்ளிகளோடு உலக சாம்பியன் ஆனார். டர்போ காரில் முதல் சாம்பியன். வழி போட்டது பிரான்சு, ஊர் போய்ச் சேர்ந்தது மற்றவர். ரெனோ தன் சொந்த அணியை 1985 முடிவில் மூடிவிட்டது. டர்போவில் அவர்களுக்குச் சாம்பியன் பட்டம் கிடைக்கவேயில்லை. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு வீட்டில் துக்கம் நடந்தது போல் இருந்தது.

பெட்டி எப்போதும் சரியா என்றால், அதுவும் இல்லை. 1986இல் ஒரு பந்தயத்துக்கு 195 லிட்டர் எரிபொருள்தான் என்று விதி. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் கடைசிப் பந்தயம். ப்ரோஸ்த் இப்போது மெக்லாரன் காரில். அவருடைய கம்ப்யூட்டர், எரிபொருள் போதாது, வேகத்தைக் குறை என்று காட்டிக்கொண்டே இருந்தது. அதே ஆண்டு ஜெர்மனியில் கடைசிச் சுற்றில் எரிபொருள் தீர்ந்து காரைத் தள்ளிக்கொண்டு போனவர் அவர். ஆனாலும் குறைத்தால் பட்டம் போய்விடும் என்பதால் குறைக்கவில்லை. வென்றார், கோட்டைத் தாண்டியதும் காரை நிறுத்திவிட்டு இறங்கிக் குதித்தார். பெட்டியின் கணக்கு அன்று தப்பு. இரண்டு புள்ளிகளில் பட்டம்.

அந்தக் காலத்தில் தகுதிச் சுற்றில் 1.5 லிட்டர் எஞ்சின்கள் 1,000 குதிரைசக்தியைத் தாண்டின. ஆபத்து என்று உணர்ந்து, அழுத்தத்தை 1987இல் 4 பாராகவும், 1988இல் 2.5 பாராகவும் கட்டுப்படுத்தி, 1989இல் டர்போவையே தடை செய்தார்கள். 2014இல்தான் அது திரும்பி வந்தது. அதற்குள், 2008 முதலே, எல்லா அணிக்கும் ஒரே மாதிரியான கம்ப்யூட்டர் பெட்டிதான் என்று விதி வந்துவிட்டது. யாரும் தனிப் பேரேடு எழுதி ஏமாற்றக்கூடாது என்பதற்காக.

தெருவிலோ கதை வேறு. ஆரம்பத்தில் பேரேடு ஒரு சிப்பில் இருந்தது. அதைக் கழற்றி வேறு சிப் போட்டார்கள். பிறகு சோதனைக்காக வைத்த பிளக் வழியாகவே எழுத முடிந்தது. டர்போ காரில் அழுத்தத்தின் எண்ணை ஏற்றினால் சக்தி நிஜமாகவே கூடும், அது பொய்யில்லை. ஆனால் தயாரிப்பாளர் அந்த எண்ணை ஏன் குறைத்து எழுதினார்? சித்திரை வெயிலுக்காக. மட்டமான பெட்ரோலுக்காக. ஆயில் மாற்ற மறக்கிற ஆளுக்காக. புகைக் கட்டுப்பாட்டுக்காக. கிளட்சும் கியரும் தாங்க வேண்டும் என்பதற்காக. அந்த இடைவெளிதான் வண்டியின் ஆயுள். ரீமேப் செய்பவர் நமக்கு விற்பது நம்முடைய சேமிப்பையே.

பேரேட்டில் பொய் எழுதினால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2015இல் ஃபோக்ஸ்வாகன் நிறுவனமே சாட்சி. சோதனைச் சாலையில் ஒரு கணக்கு, சாலையில் வேறு கணக்கு என்று மென்பொருள் எழுதியிருந்தார்கள். உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகள். வெளியே போன புகையைச் சுவாசித்தது பேரேடு எழுதியவர்கள் மட்டுமல்ல.

தங்கை மகனிடம் "வேண்டாம்" என்று நான் சொல்லவில்லை; முப்பது வயதுக்காரனிடம் சொல்லிப் பயனுமில்லை. நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. அதைப் படிக்கச் சொன்னேன். இன்ஷூரன்ஸ் பாலிசியையும் கேரண்டி அட்டையையும் எடுத்துப் பார்க்கச் சொன்னேன். கடைசியாக, ரீமேப் செய்பவரிடம் மூன்று கேள்வி கேட்கச் சொன்னேன்: எந்தக் கட்டத்தில் எந்த எண்ணை மாற்றுகிறீர்கள்? பழைய பேரேட்டின் நகலை என்னிடம் தருவீர்களா? மாற்றியதற்குக் கையெழுத்தும் தேதியும் போட்டுத் தருவீர்களா?

அலுவலகத்தில் ஒரு பதிவேட்டில் ஒரு எண்ணை அடித்துத் திருத்துவதற்கே எங்களுக்கு இத்தனை விதி இருந்தது. பையன் போய்க் கேட்டிருக்கிறான். முதல் கேள்விக்கே அந்த ஆள், "அதெல்லாம் கம்பெனி ரகசியம் சார்" என்றாராம். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டான். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான்.