அனுமதியின்றி வாழ்வோர்: அமெரிக்கக் குடியேற்ற விவாதத்தின் வரலாறு

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவனுக்குச் சில சொற்கள் எளிதில் வசப்படுவதில்லை. அரசாங்கத்தின் அனுமதியின்றி வந்து வாழும் அயல் நாட்டாருக்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. ஒரு சாரார் அவர்களைச் ‘சட்ட விரோதக் குடியேறிகள்’ என்கின்றனர். மற்றொரு சாரார் ‘ஆவணமற்ற குடியேறிகள்’ என்கின்றனர். குறிக்கப்படும் மனிதர் ஒருவரே. ஆயினும் முதற்பெயர் அவர் செய்த பிழையை முன்னிறுத்துகிறது. மற்றது அவர் கையில் இல்லாத காகிதத்தை முன்னிறுத்துகிறது. ஒன்றைத் தமிழில் எழுதிய அளவிலேயே மொழிபெயர்ப்பாளன் வழக்கில் ஒரு கட்சியைச் சேர்ந்தவனாகிவிடுகிறான். தக்க சொல் எது என்று தெளியும் பொருட்டு அந்நாட்டுச் சட்டங்களின் வரலாற்றைப் புரட்டலானேன். அதில் கண்டவற்றையே இன்று தங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

இது நமக்குத் தொலைவிலுள்ள செய்தியும் அன்று. 2025 பிப்ரவரி 5-ஆம் நாள் அமெரிக்க இராணுவ விமானமொன்று 104 இந்தியரை அமிர்தசரஸில் கொண்டுவந்து இறக்கியது. அவர்களிற் பலரை விலங்கிட்டு அழைத்துவந்த செய்தி நம் நாடாளுமன்றத்தில் பெருங்கிளர்ச்சியை எழுப்பியது. அவ்விலங்கின் பின்னே நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட கதையொன்று இருக்கிறது.

அந்நாடு தோன்றி ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு வரை, வருவோரைத் தடுக்கும் மத்திய அரசாங்கச் சட்டம் இல்லையென்றே சொல்லலாம். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரின் கதை வேறு. தாமாக விரும்பி வந்த ஐரோப்பியருக்குக் கப்பல் கட்டணமே நுழைவுச் சீட்டாயிருந்தது. தடை முதன்முதலில் பெருமளவில் விழுந்தது சீனர்மீது. மேற்குக் கரையிலிருந்து மலைகளைக் குடைந்து 1869-இல் முடிந்த பெரும் இருப்புப் பாதையை அமைத்தவர்களுள் பல்லாயிரவர் சீனர். வேலை முடிந்து கூலிக்குப் போட்டி மூண்டதும் அவர்கள் வேண்டாதவராயினர். 1882-ஆம் ஆண்டுச் சட்டம் சீனத் தொழிலாளர் நுழைவதைத் தடுத்தது. 1892-இல் இயற்றிய சட்டம், முன்னமே வந்து வாழ்ந்தவரையும் வசிப்புச் சான்றிதழைக் கையில் வைத்திருக்கும்படி பணித்தது. அனுமதியின்றி வாழ்பவர் என்றொரு வகுப்பு அந்நாட்டில் இவ்வாறே பிறந்தது.

கதவு அடைபட்டால் மனிதன் சந்து தேடுவான். 1906-இல் சான்பிரான்சிஸ்கோ நகரைப் பூகம்பமும் தீயும் அழித்தபோது பிறப்புப் பதிவேடுகளும் எரிந்து போயின. அந்நாட்டு மண்ணிற் பிறந்தவர், பெற்றோர் சீனராயினும், அந்நாட்டுப் பிரஜையே என்று உச்ச நீதி மன்றம் 1898-இல் தீர்ப்பளித்திருந்தது. ஆகவே பலர் தாம் அங்கே பிறந்ததாகக் கூறிப் பிரஜாவுரிமை பெற்றனர். பின்னர்ச் சீனத்திலிருந்து பிறர் பிள்ளைகளையும் தம் பிள்ளைகளென எழுதி வரவழைத்தனர். ‘காகித மகன்’ என்பது அவர்களுக்கு வழங்கிய பெயர். 1910 முதல் 1940 வரை ஏஞ்சல் தீவு நிலையத்தில் அதிகாரிகள் அவர்களை நுணுக்கமாக விசாரித்தனர். சொந்த ஊரில் வீட்டுக்கு எத்தனை படிகள், கிணறு எத்திசையில் என்பன போன்ற கேள்விகளுக்குத் தந்தையும் மகனும் ஒரே விடை கூறவேண்டும். உண்மையான மகனே விடை தவறித் தடுமாறியதும் உண்டு.

அடுத்த முறை நம்மவருடையது. 1917-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியா உள்ளிட்ட ஆசிய நாடுகள் பலவற்றை ஒரு விலக்கப்பட்ட பிரதேசமாக வகுத்தது. பஞ்சாபிற் பிறந்து, முதல் உலகப் போரின்போது அமெரிக்கப் படையிற் சேர்ந்திருந்த பகத்சிங் திண்ட் என்பவர் பிரஜாவுரிமை கோரியபோது, அவர் ‘வெள்ளையர்’ அல்லர் என்று 1923-இல் உச்ச நீதி மன்றம் தீர்ப்பளித்தது. அதனால் ஏற்கெனவே பிரஜாவுரிமை பெற்றிருந்த இந்தியர் பலரும் அதை இழந்தனர். அவர்களில் எவரும் புதிதாகக் குற்றம் எதுவும் இழைத்தவரல்லர். மனிதர் நின்ற இடத்திலேயே நின்றனர். கோடுதான் இடம் பெயர்ந்தது.

1924-இல் ஐரோப்பியருக்கும் நாடுவாரியாக வரம்பு ஏற்பட்டது. 1890-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் ஒவ்வொரு நாட்டில் பிறந்தோர் எத்தனை பேரோ, அதில் நூற்றுக்கு 2 பங்கே ஆண்டுதோறும் வரலாம் என்பது விதி. 1890-க்குப் பின் பெருவாரியாக வந்த இத்தாலியரையும் யூதரையும் குறைக்கவே அவ்வளவு பழைய கணக்கு தேர்ந்தெடுக்கப்பட்டது. எல்லைக் காவற்படை அமைக்கப்பட்டதும் அவ்வாண்டிலேயே. ஆனால் மெக்ஸிகோவுக்கு வரம்பு விதிக்கவில்லை. தென்மேற்கின் பண்ணையார்களுக்கு அந்நாட்டுக் கைகள் தேவைப்பட்டன. 1929 மார்ச்சு மாதத்தில் இயற்றிய இரண்டு சட்டங்கள் கவனிக்கத்தக்கவை. ஒன்று, அனுமதியின்றி எல்லை கடப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. மற்றொன்று, 1921 ஜூனுக்கு முன் வந்து நன்னடத்தையோடு வாழ்பவர் 20 டாலர் கட்டிப் பதிந்துகொண்டால் முறையாகக் குடியேறியவராகலாம் என்றது. முன்னதன் சுமை பெரும்பாலும் மெக்ஸிகோ நாட்டார்மீது விழுந்தது. பின்னதன் நன்மை பெரும்பாலும் ஐரோப்பியரைச் சேர்ந்தது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆட்பற்றாக்குறை நேரவே, 1942-இல் மெக்ஸிகோவுடன் தொழிலாளர் ஒப்பந்தம் ஏற்பட்டது. 1964 வரை நீடித்த அத்திட்டத்தின்கீழ் ஏறத்தாழ 46 இலட்சம் வேலை ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன. ஒப்பந்தத்துக்குப் புறம்பாகவும் பலர் வந்தனர். கேளாமல் வேலை கொடுத்தவரும் பலர். 1952-ஆம் ஆண்டுச் சட்டம், அனுமதியற்றவருக்கு மறைவிடம் அளிப்பதைக் குற்றமாக்கியது. ஆனால் அவரை வேலைக்கு வைத்துக்கொள்வது மறைவிடம் அளித்ததாகாது என்று ஒரு விலக்கையும் சேர்த்தது. டெக்ஸாஸ் மாநிலப் பண்ணையார்களைத் திருப்திப்படுத்தவே இவ்விலக்கு. வேலைக்கு வந்தவன் குற்றவாளி, வேலை கொடுத்தவன் குற்றமற்றவன் என்றாயிற்று. 1954-இல் பெருந்திரளானோரைப் பிடித்து அனுப்பினர். பத்து இலட்சத்துக்கு மேல் என்று அரசாங்கம் கூறிய எண்ணிக்கை மிகை என்பது பின்னைய ஆராய்ச்சியாளர் கருத்து. அந்நடவடிக்கைக்கு இட்ட பெயரே ஒரு வசைச் சொல். எனினும் 1956-இல் 4 இலட்சத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களை அதே அரசாங்கம் வழங்கியது!

1946-இல் இந்தியருக்கு ஆண்டுக்கு 100 இடங்களும் பிரஜாவுரிமையும் கிட்டின. 1965-ஆம் ஆண்டுச் சட்டம் பழைய நாட்டுவாரிக் கணக்கை ஒழித்து, குடும்ப உறவுக்கும் தொழிற்றிறமைக்கும் முதலிடம் தந்தது. தமிழ் மருத்துவரும் பொறியியலாளரும் கடல் கடந்தது இக்கதவின் வழியேதான். ஆனால் அதே சட்டம், அதுவரை வரம்பின்றி இருந்த அமெரிக்கக் கண்ட நாடுகளுக்கு 1968 முதல் மொத்த வரம்பை விதித்தது. 1976-இல் மெக்ஸிகோ உள்ளிட்ட ஒவ்வொரு நாட்டுக்கும் ஆண்டுக்கு 20,000 என்ற எல்லை வந்தது. ஒப்பந்தத் திட்டமோ 1964-இலேயே முடிந்திருந்தது. வயல்கள் மாறவில்லை, அறுவடை மாறவில்லை, நேற்று ஒப்பந்தத்தோடு வந்தவன் இன்று திருட்டுத்தனமாக வந்தான்.

எதிர்ப்போரின் வாதத்தில் நியாயமில்லை என்று தள்ளிவிடலாகாது. பண்ணைத் தொழிலாளர் தலைவர் சீசர் சாவேஸ் மெக்ஸிகோ வழிவந்த குடும்பத்தினர். அவரே 1970-களில், வேலை நிறுத்தத்தை முறியடிக்க முதலாளிகள் அனுமதியற்ற தொழிலாளரைக் கொண்டுவருவதைக் கடுமையாக எதிர்த்தார். பயந்து வாழ்பவன் குறைந்த கூலிக்கு இசைவான். அதனால் பக்கத்திலிருப்பவன் கூலியும் குறையும். மேலும், விதிப்படி விண்ணப்பித்து ஆண்டுக்கணக்கில் காத்திருப்போர் இருக்கின்றனர். நிரந்தர வசிப்புரிமைக்காகக் காத்துநிற்கும் அவ்வரிசையில் இந்தியர் நீண்ட காலமாக நிற்கின்றனர். வரிசையைக் கடந்தவருக்கு முதலில் உரிமை வழங்கினால், நின்றவர் மனம் நோவது இயல்பே.

இவ்விரு நியாயங்களையும் ஒருங்கே தழுவ முயன்றது 1986-ஆம் ஆண்டுச் சீர்திருத்தம். ஜனாதிபதி ரீகன் கையொப்பமிட்ட அச்சட்டம், 1982-க்கு முன்பிருந்து தொடர்ந்து வாழ்ந்தோருக்கும் பண்ணைத் தொழிலாளர் சிலருக்கும் மன்னிப்பளித்தது. சுமார் 27 இலட்சம் பேர் நிரந்தர வசிப்புரிமை பெற்றனர். தெரிந்தே அனுமதியற்றவரை வேலைக்கு வைப்பவருக்கும் தண்டனை வந்தது. ஆயினும் பார்வைக்கு மெய்யெனத் தோன்றும் ஆவணத்தைக் கண்டால் முதலாளிக்குப் போதும் என்றதனால், போலிக் காகிதங்கள் பெருகின. வருங்காலத்தில் தேவைப்படும் எளிய தொழிலாளர் எவ்வழியே வருவர் என்பதற்கும் போதிய ஏற்பாடில்லை. 1990-களில் எல்லைக் காவல் இறுகியபோது, பருவத்துக்கு வந்து பருவத்துக்குத் திரும்பியவர் திரும்ப அஞ்சித் தங்கிவிட்டனர். பலர் பாலைவன வழியே வந்து உயிரிழந்தனர். விசாக்காலம் முடிந்தும் தங்கியவர் வேறு. 2007-இல் இவர்கள் தொகை ஏறத்தாழ 1 கோடி 20 இலட்சம் என மதிக்கப்பட்டது.

இடையில் பிள்ளைகள் வளர்ந்தனர். அனுமதியின்றி வந்த பிள்ளைகளுக்கும் இலவசப் பள்ளிக் கல்வியை மறுக்கலாகாது என்று 1982-இல் உச்ச நீதி மன்றம் தீர்ப்பளித்தது. 2013-இல் விரிவான சீர்திருத்த மசோதாவொன்றைச் செனட் சபை 68-க்கு 32 வாக்குகளால் நிறைவேற்றியது. பிரதிநிதிகள் சபை அதை எடுத்துக்கொள்ளவே இல்லை.

இவ்வரலாற்றினின்று நான் பெற்ற தெளிவு இதுவே. எல்லையைக் காப்பது எந்நாட்டுக்கும் உரிய உரிமை. ஆனால் ஒரு கையால் வேலைக்கு அழைத்து, மறு கையால் கதவை அடைக்கும் சட்டம், தானே குற்றத்தை விளைவித்துத் தானே தண்டிக்கிறது. அழைத்த கையையும் சேர்த்து விசாரிப்பதே சீர்திருத்தம்.

நான் தில்லிக்கு வந்தபோது என்னிடம் இரயில் சீட்டும் நியமன உத்தரவும் இருந்தன. வசிக்க அனுமதி எவரும் கேட்கவில்லை. தஞ்சையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் மும்பைக்கும் கல்கத்தாவுக்கும் சென்ற நம்மில் எவரையும் கேட்டதில்லை. நம் அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு அவ்வுரிமையை அளித்திருக்கிறது. அப்படியும் ‘அயலான்’ என்ற சொல் நம்மிற் சிலர் காதில் விழுந்ததுண்டு. சட்டம் காத்தும் அச்சொல் சுடுமானால், சட்டத்தின் காவலும் இல்லாதவனுக்கு அது எவ்வாறிருக்கும்?

ஆகவே என் மொழிபெயர்ப்பில் ‘அனுமதியின்றி வாழ்வோர்’ என்றே எழுதினேன். நடந்ததை அது மறைக்கவில்லை. தீர்ப்பையும் முன்கூட்டிச் சொல்லவில்லை.