தலைவலியும் கல்வித் தேட்டமும்: முன்னோர் வாழ்வு தரும் பாடம்

தேர்வுக் காலம் நெருங்கிவிட்டால் நம் வீடுகளில் நள்ளிரவு கடந்தும் விளக்குகள் எரிகின்றன. மறுநாள் காலையில் பிள்ளைகள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு எழுகின்றனர். படிக்கிற பிள்ளைக்குத் தலைவலி இயல்புதானே என்று நாமும் ஒரு மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். முஸ்லிம் பேரறிஞர்களின் உறக்கமற்ற இரவுகளை இதற்குச் சான்றாகக் காட்டுவோரும் உண்டு. ஆனால், அந்த வரலாற்றை முழுமையாகப் படித்தால் கிடைக்கும் பாடம் வேறு.

ரய் நகரில் பிறந்து பக்தாத் மருத்துவமனையின் தலைவராக விளங்கியவர் அபூபக்கர் அர்ராஸீ. இவர் சுவர் மாடத்தில் விளக்கேற்றி, சுவரில் நூலைச் சாய்த்து வைத்துப் படிப்பாராம். உறக்கம் மேலிட்டால் நூல் கைநழுவி விழும், உடனே விழித்துக்கொள்வார். இச்செய்தியைப் பதிவு செய்த அல்பிரூனி, அவருடைய பார்வை கெட்டதற்கு இப்பழக்கத்தையும் ஒரு காரணமாகச் சொல்கிறார். ஒரே ஆண்டில் 20,000 தாள்களுக்கு மேல் நுண்ணிய எழுத்தில் எழுதியதாகவும், 15 ஆண்டுகள் இரவு பகலாக ஒரு பெருநூலுக்கு உழைத்ததில் பார்வை மங்கிக் கைத்தசையும் தளர்ந்ததாகவும் அர்ராஸீயே கூறுகிறார். பின்னாளில் அவருக்காகப் பிறர் படிக்கவும் எழுதவும் வேண்டியதாயிற்று. அவருடைய உழைப்பைப் போற்றும் நாம், அதற்கு அவர் கொடுத்த விலையைச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

இப்னு சீனாவும் (980–1037) தம் மாணவப் பருவத்தில் ஒன்றரை ஆண்டுக் காலம் ஓர் இரவுகூட முழுமையாக உறங்கவில்லை என்று எழுதியிருக்கிறார். எனினும் மருத்துவராக அவர் இயற்றிய 'அல்கானூன்', தலைவலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டிய ஒன்றாகக் கருதவில்லை. தலை முதல் கால் வரையிலான நோய்களைப் பேசும் அதன் மூன்றாம் பாகத்தில், தலைவலி அதன் காரணங்களோடும் வகைகளோடும் விரிவாக ஆராயப்படுகிறது. அக்காலத்துச் சூட்டுக்கோல் சிகிச்சைகள் இன்று நமக்குத் தேவையில்லை. வலிக்குக் காரணத்தைத் தேடிய அந்த நோக்கு இன்றும் தேவை.

நபி (ஸல்) அவர்கள் இஹ்ராமில் இருந்தபோது, ஒற்றைத் தலைவலிக்காகத் தம் தலையில் இரத்தம் குத்தி எடுத்துக்கொண்டதை இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிப்பதாக புகாரியில் காண்கிறோம். வலிக்குச் சிகிச்சை தேடுவது இறைநம்பிக்கைக்கு முரணன்று என்பது இதனால் விளங்கும். பகலெல்லாம் நோன்பிருந்து இரவெல்லாம் நின்று வணங்கிய அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களிடம், உடலுக்கும் கண்ணுக்கும் உரிமை உண்டு என்று நபியவர்கள் உணர்த்தினார்கள். வணக்கத்திற்கே இந்த அளவுகோல் எனில், தேர்வுப் படிப்பிற்குச் சொல்லவும் வேண்டுமோ?

மத்ரஸாக்களில் நெடுங்காலமாக ஓதப்பட்டுவரும் அஸ்ஸர்னூஜியின் 'தஃலீமுல் முதஅல்லிம்' இதே வழியில் செல்கிறது. இரவின் தொடக்கமும் ஸஹர் நேரமும் படிப்புக்கு ஏற்றவை என்றும், ஒன்றில் சலிப்புத் தட்டினால் வேறு பாடத்திற்கு மாறலாம் என்றும், உடல் தளரும் அளவுக்குத் தன்னை வருத்தலாகாது என்றும் அது அறிவுறுத்துகிறது.

இன்றைய மருத்துவம் மாணவர்க்குச் சொல்வதும் ஏறக்குறைய இதுவே. உறக்கக் குறைவு, காலை உணவைத் தவிர்த்தல், போதிய நீர் அருந்தாமை, இடைவிடாது திரையைப் பார்த்தல் ஆகியவை தலைவலியைத் தூண்டும். இஷாவுக்குப் பின் காலத்தோடு உறங்கி ஃபஜ்ருக்கு எழும் ஒழுங்கு இதற்குப் பெரிதும் உதவும். அடிக்கடி தேநீர் அருந்துவோர் ரமளானுக்கு முன்பே அதைப் படிப்படியாகக் குறைத்தால், நோன்பின் முதல் நாட்களில் வரும் வலி தணியும். படிக்கும்போதெல்லாம் தலை வலிக்கும் பிள்ளைக்குக் கண் பரிசோதனை செய்வோம். மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ வலி மாத்திரை விழுங்கினால், மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகிவிடக்கூடும். திடீரெனத் தாக்கும் கடும் வலி, காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு, பார்வைக் குழப்பம், தலையில் அடிபட்டபின் வரும் வலி ஆகியவற்றுக்கு உடனே மருத்துவரை நாட வேண்டும்.

உடல் நமக்கு அளிக்கப்பட்ட அமானிதம். அர்ராஸீயின் கையிலிருந்து விழுந்த நூல் உறங்கு என்றே சொல்லிற்று. அவரோ அதை விழிக்கும் அழைப்பாகக் கொண்டார். நம் பிள்ளைகளின் தலைவலி சொல்வதையாவது நாம் சரியாகக் கேட்போம். வல்ல அல்லாஹ் அவர்களுக்குப் பயனுள்ள கல்வியையும் அதைச் சுமக்கும் உடல்நலத்தையும் அருள்வானாக!