பிள்ளைக்கு உளநல உதவி தேடும்போது: பாபகூராப் பெற்றோர் அறிய வேண்டியவை

ஊரில் ஒரு பிள்ளை தடம் மாறினால் மாமாவோ அயலில் இருந்த வாத்தியாரோ கூப்பிட்டுக் கதைப்பார்கள். பாபகூராவில் அந்தச் சுற்றம் நமக்கு இல்லை. பிள்ளை நாட்கணக்காக அறைக்குள் அடைந்து கிடந்தாலும், பையில் கஞ்சா அகப்பட்டாலும், "நாலு சனம் அறிந்தால்?" என்ற பயமே நமக்கு முதலில் வருகிறது. சிலர் பிள்ளையை ஊருக்கு அனுப்பிவிட நினைக்கிறார்கள். பழகிய நண்பர்களையும் பாடசாலையையும் இழந்த பிள்ளையின் மனச்சுமை அதனால் கூடலாம்.

முதலில் குடும்ப வைத்தியரிடமோ பாடசாலை ஆலோசகரிடமோ போகலாம். நோய் கடுமையானால் வைத்தியர், கவுண்டீஸ் மனுக்காவ் பகுதியின் சிறுவர், இளையோர் உளநலச் சேவையான ஃபிரினாகிக்கு அனுப்புவார். மதுவும் போதைப்பொருளும் சார்ந்த பிரச்சினைக்கு, கேட்ஸ் எனப்படும் சேவையில் இளையோருக்குத் தனிப் பிரிவு உண்டு. அதற்கு நாமே நேரடியாக அழைக்கலாம். அரச சேவைகளில் கட்டணம் இல்லை. அகதி அந்தஸ்துக்கு விண்ணப்பித்துக் காத்திருப்போரும் இவற்றைப் பெறலாம்.

தனியாரிடம் போவதானால் தகுதியைக் கேட்டறிய வேண்டும். உளவியலாளர் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். ஆனால் "ஆலோசகர்" என்ற பெயரை யாரும் வைத்துக்கொள்ளலாம். பதின்ம வயதினருடன் வேலை செய்த அனுபவம் உண்டா, மனச்சோர்வையும் போதைப் பழக்கத்தையும் சேர்த்துப் பார்ப்பார்களா, குடும்பத்துக்கு என்ன பங்கு, சிகிச்சை முடிந்த பின் யார் கவனிப்பார்கள் என்றும் கேட்போம். நீண்டகாலம் அதிகமாகக் குடித்த பிள்ளையை வைத்திய ஆலோசனையின்றித் திடீரென நிறுத்தச் செய்வது ஆபத்து.

1996 ஆம் ஆண்டின் நோயாளர் உரிமைக் கோவைப்படி, தேவையான இடத்தில், இயன்றவரை, மொழிபெயர்ப்பாளரைப் பெற நமக்கு உரிமை உண்டு. நோயுற்ற பிள்ளையையோ அதன் சகோதரரையோ மொழிபெயர்க்க விடக்கூடாது. தாய்க்கும் வைத்தியருக்கும் நடுவில் நிற்கும் பிள்ளை பாதியை மறைத்துவிடும்.

16 வயது நிரம்பியவர் தன் சிகிச்சைக்குத் தானே சம்மதம் தரலாம். பிள்ளை சொல்வதையெல்லாம் வைத்தியர் நமக்குச் சொல்லமாட்டார். உயிருக்கோ பாதுகாப்புக்கோ கடுமையான ஆபத்து போன்ற நிலைகளில் அந்த இரகசியம் தளரலாம். நம்மை ஒதுக்குகிறார்கள் என்று இதை எடுக்க வேண்டியதில்லை. அந்த நம்பிக்கை இருந்தால்தான் பிள்ளை வாய் திறக்கும்.

1737 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். மது, போதைப்பொருள் உதவிக்கு 0800 787 797. பிள்ளை சாவைப் பற்றிக் கதைத்தால் தனியே விடாமல், மருந்துகளையும் கூரான பொருட்களையும் அப்புறப்படுத்த வேண்டும். உடனடி ஆபத்தென்றால் 111 ஐ அழையுங்கள், அல்லது மிடில்மோர் வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். சனம் என்ன சொல்லும் என்பதை அன்றிரவு யோசிக்க வேண்டாம்.