திதி தெரியாத முன்னோர்கள்



போர் என்றால் குண்டும் துப்பாக்கியும் மட்டுமல்ல. குடும்பத்தைப் பிரித்து, முன்பின் தெரியாத காட்டில் மனிதனைக் கொண்டுபோய்த் தள்ளுவதும் போர்தான். அப்படித் தள்ளப்பட்டவனுக்கு இரண்டு கேள்விகள் எழும். என் நாடு எது? என் சாமி எங்கே?

போருக்கு முந்திய மலாயாவில் இக்கேள்விகளுக்குத் தோட்டப் பாட்டாளியிடம் பதில் இருந்தது. ஊர் என்றால் தமிழ்நாட்டுக் கிராமம். நாலு காசு சேர்த்துக்கொண்டு திரும்பிப் போகணும். சாமி என்றால் லயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மாரியம்மனும் முனியாண்டியும். இடையில் காப்பாற்ற வெள்ளைக்காரத் துரை இருக்கிறார்.

இந்த நம்பிக்கையைப் போர் உடைத்தது. நம் பினாங்கையே பாருங்கள். 1941 டிசம்பர் 11-ல் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுனில் குண்டு பொழிந்தன. வெள்ளைக்காரர்கள் சத்தமில்லாமல் வெளியேறினார்கள். உள்ளூர் மக்களைக் கேட்பாரில்லை. கார்ன்வாலிஸ் கோட்டையில் பிரிட்டிஷ் கொடியை இறக்கியவர் ஒரு தமிழர்: 'ஸ்டிரெய்ட்ஸ் எக்கோ' ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து. டிசம்பர் 19-ல் ஜப்பானியர் தீவுக்குள் நுழைந்தனர்.

1942-ல் சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடத் தொடங்கினார்கள். நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று ஆசை காட்டினார்கள். மசியாதவர்களைப் பலவந்தமாகப் பிடித்துப் போனார்கள். மலாயாவிலிருந்து 70,000 பேருக்கு மேல் போனார்கள். பெரும்பாலோர் தோட்டத் தமிழர். மலேரியா, வயிற்றுக்கடுப்பு, அடி, பட்டினி. 1943-ல் காலராவும் சேர்ந்துகொண்டது. அந்தப் பாதையில் மாண்ட ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ 90,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள்.

லயத்தில் சாதி பார்த்து ஒதுங்கியவர்களும் அங்கே ஒரே குழியில் கிடந்தார்கள். கொள்ளி வைக்கப் பிள்ளையில்லை, கருமாதி இல்லை. இங்கே காத்திருந்தவளுக்கோ தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்றே தெரியாது. செத்த தேதி தெரிந்தால்தானே திதி கொடுக்கலாம்?

இத்தகைய துயரம் நமக்கு மட்டும் வந்ததல்ல. 1940-41-ல் போலந்து நாட்டுக் குடும்பங்களைச் சோவியத் அரசு சைபீரியாவுக்கு நாடு கடத்தியது. தப்பியவர்களில் ஒரு பகுதியினர் ஈரான் வழியாக இந்தியா வந்தனர். நவாநகர் மன்னர் ஜாம் சாகேப் பாலாச்சடியில் அனாதைக் குழந்தைகளுக்கு இடம் கொடுத்தார். கோலாப்பூருக்குப் பக்கத்தில் வலிவாடே முகாமில் சுமார் 5,000 பேர் வாழ்ந்தனர். அங்கே அவர்களுக்குத் தாய்மொழிப் பள்ளியும் மாதா கோவிலும் இருந்தன. போர் முடிந்தபோது பலருடைய சொந்த ஊர் சோவியத் எல்லைக்குள் போய்விட்டது. ஊர் போனாலும் மொழியும் வழிபாடும் அவர்களைப் போலந்துக்காரர்களாகவே வைத்திருந்தன.

சயாம் காட்டில் நம்மவர்க்குப் பள்ளி ஏது, கோவில் ஏது? ஆனாலும் அந்தக் காலத்தில்தான் நம் சமூகம் நிமிர்ந்தது. 1943-ல் நேதாஜி சிங்கப்பூர் வந்தார். 'கூலி' எனப்பட்டவன் 'இந்தியன்' ஆனான். தோட்டத்துப் பெண்களும் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார்கள். சயாமுக்குத் தப்பவே படையில் சேர்ந்தவர்களும் உண்டு. நம்மவரைச் சாகடித்த ஜப்பான்காரனின் துணையோடுதான் அந்தப் படையும் நடந்தது. இந்த முரண்பாட்டை மறைக்க வேண்டியதில்லை.

அந்த நிமிர்வு போருக்குப் பின்னும் குனியவில்லை. 1946-ல் மலாயா இந்தியர் காங்கிரஸ் பிறந்தது. 1947-ல் கெடா, பீடோங் வட்டாரத் தோட்டங்களில் கள்ளுக்கடைக்கு எதிராகத் தொழிலாளர் எழுந்தனர். தகப்பன் சயாமில் புதைந்தான். பிள்ளை இங்கே பிறந்து வளர்ந்தான். 'ஊருக்குப் போகணும்' என்ற பேச்சு மெல்ல மெல்லக் குறைந்தது. 1957-ல் நாடு விடுதலை பெற்றபோது, இதுதான் எங்கள் ஊர் என்று சொல்லப் பலர் தயாராக இருந்தார்கள்.

தாய்லாந்தின் காஞ்சனபுரியில் போர்க் கைதிகளின் கல்லறைகள் ஏறத்தாழ 7,000 உள்ளன. பெரும்பாலானவற்றில் பெயர் உண்டு. நம்மவர்க்குப் பெயரில்லை. 2023-ல்தான் அங்கே அவர்களுக்காக ஒரு நடுகல் எழுந்தது. மாண்டவர்க்குக் கல் நட்டு வழிபடுவது சங்க காலம் முதல் வந்த வழக்கமல்லவா?

மாணவச் செல்வங்களே! கல்லில் இல்லாத பெயர்கள் உங்கள் வீட்டுப் பெரியவர்களின் நினைவில் இருக்கலாம். சயாமுக்குப் போனவர் யார், எந்தத் தோட்டம் என்று இன்றே கேட்டு, ஒரு நோட்டில் தமிழில் எழுதி வையுங்கள். திதி தெரியாதவர்களுக்கு நாம் செய்யக்கூடிய கடன் அதுதான்.